கருப்புக் கோழிக்கு மஞ்சள்

புவனா,

பூ மார்க்கெட்டிலிருந்து வந்ததும் கருப்புக் கோழியைப் பார். மற்ற நான்கும் சேர்ந்து முதுகைக் கொத்திச் சதை தெரிய வைத்துவிட்டன. உப்புத் தண்ணீரில் கழுவி, வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, கொல்லையில் தனியாகப் பஞ்சாரக் கூடையில் அடைத்திருக்கிறேன். மத்தியானம் இன்னொரு தடவை பூசு. தண்ணீர் குடிக்கிறதா என்று கவனி.

நேற்று நான் சிவப்பு மருந்தைத் தடவி அவற்றோடே விட்டது தப்பு. சிவப்பைக் கண்டு கூடுதலாகக் கொத்தின. இறகு முளைக்கும்வரை சேர்க்காதே.

"மில்லுல நைட் ஷிப்ட ஏன் விட்டீக, வாயத் தொறந்து சொல்லுங்க" என்று ராத்திரியும் கேட்டாய். தூக்கம் கெடுகிறது என்று நான் சொன்னது பொய். எங்கள் ஷிப்டில் காத்தமுத்து என்று ஒருவன். அவனுக்குத் திக்குவாய். "ஏலே மதி, அவன மாதிரி ஒருக்கா பேசிக் காட்டுடா" என்பார்கள். அவன் முன்னாலேயே செய்வேன். எல்லோரையும்விட நன்றாகச் செய்வேன். போன மாதம் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். இப்போது வீட்டில்கூடப் பேசுவதில்லையாம். நானும் அந்த ஷிப்டை விட்டு நின்றுவிட்டேன். ஆனாலும் படுத்தால், நான் திக்கிக் காட்டிய குரல் காதில் கேட்கிறது.

சாணார்பட்டியில் அவன் வீட்டுக்குப் போகிறேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மதியழகன்

சாவி எதிர்வீட்டு ஒச்சாயி அக்காவிடம் இருக்கிறது. குழம்பைச் சுடவைத்துக்கொள்.

எனக்காகச் சாப்பிடாமல் இருக்காதே. அவன் ஒரு வார்த்தை ஆரம்பித்தாலும், முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரம் ஆகுமோ.