சுத்த சைவக் குடும்பம்

அன்பு மகன் அமலுக்கு,

மாதா புண்ணியத்துல நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமக ஜான்சியும் டென்மார்க் குளிர்ல சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு தினம் ஜெபமாலையில வேண்டிக்கறேன். போன்ல சொன்னா ப்ராக்டிகலா இரும்மான்னு நடுவுல வெட்டிடுவே, அதான் எழுதறேன், எழுத்துக்கூட்டியாவது முழுசா படி.

அப்பா முட்டிவலிக்கு லிப்ட் வேணும்னு வாகட் ஏரியாவுல நீ பிடிச்சுக் குடுத்த வீடு நல்ல வீடுதான். ஆனா போன வாரம் வீட்டுக்காரம்மா ப்ரியம்வதா என் கையப் பிடிச்சுக்கிட்டு, நீங்க சுத்த சைவம்னு உங்க பிள்ளை சொன்னதாலதான் வீடு குடுத்தேன்னு சந்தோஷமாச் சொன்னாங்க. எனக்கு முகம் எரிஞ்சுபோச்சு. தவக்காலம்னு நாங்க கவுச்சி தொடாம இருந்தது உன் பொய்க்குச் சாட்சியாயிடுச்சு பாரு. ஈஸ்டருக்கு முந்தின நாள் நானே அவங்க வீட்டுக்குப் போய், நாங்க கிறிஸ்தவங்க, நாளைக்குக் கறி சமைப்போம்னு எனக்குத் தெரிஞ்ச இந்தியில சொல்லிட்டேன். கறிக்குக்கூட அவங்களுக்குக் கோபம் இல்லடா, சொன்னதுக்குத்தான் கோபம். அவங்க சொல்றாங்க, நாலாவது மாடிக்காரங்க முட்டை பொரிக்கறது எனக்குத் தெரியாதா, ஜன்னலைச் சாத்திக்கிட்டு ஆக்கியிருந்தா நான் ஏன் கேக்கப்போறேன், இப்போ பில்டிங் சொசைட்டிக்கு என்ன பதில் சொல்வேன், மாசக் கடைசியில காலி பண்ணுங்கன்னாங்க. போறப்போ, நம்ப வச்சு ஏமாத்திட்டீங்களேன்னும் ஒரு வார்த்தை சொன்னாங்க. அதுதான் எனக்குத் தாங்கல.

நீ அங்க யாரோ ஒருத்தர் காரை சைக்கிள்ல உரசிட்டு, பார்த்த ஆளே இல்லாதப்போ பேரும் நம்பரும் எழுதி வச்சுட்டு வந்தியே, அதைக் கோயில் முழுக்கச் சொல்லித் திரிஞ்சவ நான். அந்த ஊருக்கு நிஜம், இந்த ஊருக்குப் பொய் போதும்னு உனக்கு யார் சொன்னது? இங்கெல்லாம் இப்படித்தாம்மான்னு சொல்லாத. இங்கதான் நான் இருக்கேன்.

நான் யார்கிட்டயும் கெஞ்சப்போறதில்ல. கட்கி ஏரியாவுல பானு அக்கா வீட்டு மாடி காலியா இருக்கு, இருபது படி, கம்பு ஊனி ஏறிக்கறேன்னு அப்பா சொல்லிட்டார். ஈஸ்டர் அன்னிக்கு ஜன்னலைத் திறந்து வச்சுத்தான் கறி ஆக்கினேன். அப்பா ரெண்டு தடவை போட்டுக்கிட்டார்.

ஜான்சி சத்து மாத்திரையை விட வேணாம். உங்க ரெண்டு பேருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுசு குடுக்கட்டும். ஒண்ணு மறக்காத, அந்தம்மா நம்பர் உன்கிட்ட இருக்கு. வீட்டுக்காகப் பேசாத. பொய் சொன்னது எங்கம்மா இல்ல, நான்னு மட்டும் சொல்லிட்டு வச்சுடு.

உன் அம்மா,
சாந்தகுமாரி இருதயராஜ்