நிக்காஹ் சபையில் ஓர் இடம்

ஓட்டமாவடி
02.06.2024

அன்பின் மகள் ரிப்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா நல்ல சுகம். உம்மா பஸஹ் விவாகரத்து எடுத்துப் பிரிந்ததில் எனக்கு அவர்மேல் கோபமில்லை, அதைச் சொல்லிவிடு.

விடுதலையானவர்களுக்கு உதவும் சங்கத்து ஸகியா மிஸ் தையல் மெஷின் எடுத்துத் தந்தார். பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறேன். அறைக் கதவைப் பூட்டிப் படுக்கத்தான் இன்னும் முடியவில்லை. பகிடி பண்ணாதே.

மூத்தவள், உன் ராத்தாவின் நிக்காஹ்வுக்குச் சிறையிலிருந்து பொறுப்பு எழுதிக் கொடுத்தேன், என் தம்பி, உன் சாச்சா வொலிகாரராக இருந்து அவளைக் கட்டிக்கொடுத்தார். இந்த முறை வாப்பாவே சபையில் இருந்து உன்னைக் கட்டிக்கொடுப்பேன். செய்யாத கொலைக்குப் பதினொரு வருஷம் இருந்தவன் நான். குற்றமில்லை என்ற தீர்ப்பை ஸகியா மிஸ் தமிழில் எழுதி லெமினேட் பண்ணித் தந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டு.

உன் வாப்பா,
ஆதம்பாவா

காத்தான்குடி
11.06.2024

அன்பு வாப்பா,

வஅலைக்கும் ஸலாம். தீர்ப்பை மாப்பிள்ளை வீட்டில் றிஸ்லானின் உம்மாவுக்குக் காட்டினேன். முழுதும் வாசித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு, "நாங்க நம்புறம் மகள். ஆனா சபைக்கு வாற அத்தனை பேருக்கும் இதக் காட்ட ஏலுமா?" என்றார்.

சாச்சா வொலிகாரராக இருந்தால்தான் கலியாணமாம். நீங்கள் உயிரோடு இருப்பதால், நீங்கள் சாச்சாவுக்குப் பொறுப்புக் கொடுத்துக் கையொப்பம் வைத்தால்தான் செல்லும் என்று நிக்காஹ் எழுதும் பள்ளிவாசல் லெப்பை சொல்கிறார். ராத்தாவுக்கு எழுதியதுபோல் எனக்கும் எழுதித் தருவீங்களா? கேட்கவே வெட்கமாக இருக்கிறது. றிஸ்லானை விடவும் மனம் வரவில்லை.

மகள்,
ரிப்கா

19.06.2024

வாப்பா,

பதில் காணவில்லை. வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி நிக்காஹ். கோபமென்றால் ஏசியாவது எழுதுங்கள்.

ரிப்கா

ஓட்டமாவடி
23.06.2024

அன்பின் மகளுக்கு,

ஸலாம். கோபமில்லை. பேனையை எடுப்பதும் வைப்பதுமாக நாள் போய்விட்டது. இத்தோடு பொறுப்புக் கடிதம் வருகிறது. ஸகியா மிஸ் சாட்சி வைத்தார். "வேணாம் காக்கா, இதுக்கா உங்கள வெளிய எடுத்தம்?" என்று கூடப்பிறந்த தங்கச்சிபோல என்னோடு சண்டை பிடித்து அழுதார். உன்மேல் பிழையில்லை என்று அவருக்கு நான்தான் சொன்னேன்.

உனக்கு ஒன்று சொன்னதில்லை. பொலிஸ் பிடித்த முதல் கிழமை, கொலையை ஒப்புக்கொண்டு கையொப்பம் வை, தண்டனை குறையும் என்று அடித்தார்கள். விரல் நகம் இரண்டு போனது. கொலைகாரன் பிள்ளைகள் என்று உங்களை ஒருவரும் சொல்லக் கூடாதென்று நான் கையொப்பம் வைக்கவில்லை.

இன்று உனக்காகக் கையொப்பம் வைத்திருக்கிறேன், மகள். நல்லா இரு.

வாப்பா