ஆறு மணி ரிங்

முடிச்சூர்,
9-2-2025, ஞாயிறு

சிரஞ்சீவி பத்ரிக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

கடிதத்தைப் பார்த்துப் பயப்படாதே, சௌக்கியமாகத்தான் இருக்கிறேன். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "அம்மா, நான் சொல்றதைக் கேளு" என்று நீ ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். பதிலையும் கடிதமாகவே போடு. இந்தப் பேச்சைப் போனில் எடுத்தால் வைத்துவிடுவேன்.

முதலில் கேமரா. பொங்கலுக்கு வந்தபோது ஷோகேஸ் மேல் மாட்டிவிட்டுப் போனாயே, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டேன். இன்டர்நெட் கெட்டுப்போகவில்லை. மூடியது நான்தான். போன வாரம் கங்கையம்மாள் வந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். நம் தெரு முனையில் மீன் விற்கிறாளே, அவள்தான். திடீரென்று சுவரிலிருந்து உன் குரல், "அம்மா, யார் அது?" என்று. அவள் டம்ளரைப் போட்டுவிட்டு எழுந்து, "யார்றா நீ? தில்லு இருந்தா வெளிய வாடா!" என்று ஷோகேஸைப் பார்த்துக் கத்தினாள். காபி கறை இன்னும் போகவில்லை.

அடுத்தது, செங்கல்பட்டு தாண்டி நீ பார்த்து வைத்திருக்கிற முதியோர் குடியிருப்பு. படங்களைப் பார்த்தேன். புல்தரை, மீன்தொட்டி, சிரித்துக்கொண்டிருக்கும் கிழவர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. நான் போகமாட்டேன்.

நவம்பரில் குளியலறையில் விழுந்தேன். நாற்பது நிமிஷம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். பால்காரர் என் சத்தம் கேட்டு வந்து தூக்கினார். எல்லாம் உண்மை. அதற்காக வீட்டை வாடகைக்கு விட்டு என்னை மூட்டை கட்டுவாயா? வெள்ளத்தின்போது இதே மொட்டை மாடியில் நானும் உன் அப்பாவும் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வடிந்ததும் இறங்கிச் சேறு வாரினோம். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நான் இருக்கிறேன், இங்கேயே.

ப்ரியாவுக்கும் பிரணவுக்கும் ஆசீர்வாதம்.

உன் அம்மா,
அபிதகுஜாம்பாள்


புனே,
16-2-2025

அன்புள்ள அம்மாவுக்கு நமஸ்காரம்.

நான் கடிதம் எழுதி இருபது வருஷம் இருக்கும். டைப் அடித்துத்தான் அனுப்புகிறேன். என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.

துண்டை எடுத்துவிடு அம்மா. உன்னை வேவு பார்க்க அதை மாட்டவில்லை. நீ ஈரத் தரையில் கிடந்த அந்த நாற்பது நிமிஷமும் நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். அது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அடுத்த தடவை பால்காரர் வராத நேரமாக இருந்தால்?

அந்தக் குடியிருப்பில் கட்டில் பக்கத்திலும் குளியலறையிலும் மணி இருக்கிறது. அழுத்தினால் நர்ஸ் வருவார். உனக்கு அறை சொல்லி வைத்துவிட்டேன். ஏப்ரல் ஐந்தாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். நீ எதையும் தூக்க வேண்டாம், ஆள் வைத்துக் கட்டிக்கொள்ளலாம்.

கோபப்படுவாய். கோபமாகவே இரு, பரவாயில்லை. பத்திரமாக இருந்தால் போதும்.

அன்புடன்,
பத்ரி


முடிச்சூர்,
24-2-2025

சிரஞ்சீவி பத்ரிக்கு,

ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, கோபத்திலும் உண்டு.

திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு நான் எங்கே போகிறேன் என்று நீ ஒரு நாளாவது கேட்டாயா? நம் காலனி நலச்சங்கக் கட்டடத்துக்குப் போகிறேன். மொத்தம் பதினொரு பேர். அறுபத்தைந்துக்குக் கீழே யாரும் கிடையாது. ஆஷா என்று ஒரு பிசியோதெரபி பெண் வந்து எங்களை ஆட்டி வைக்கிறாள். செவ்வாய்க்கிழமை ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து எல்லோருமாக பேங்க், மருந்துக்கடை, மார்க்கெட் என்று சுற்றிவிட்டு வருகிறோம். யாருக்காகவும் எந்த மகனும் லீவு போட வேண்டாம்.

ஆஷா முதல் நாள் என்ன சொல்லித் தந்தாள் தெரியுமா? தரையில் விழுந்தால் எழுந்திருப்பது எப்படி என்று. "விழாம இருக்கச் சொல்லித் தரக் கூடாதாம்மா?" என்று கேட்டேன். "அதுவும் உண்டு மாமி. ஆனா எழுந்திருக்கத் தெரிஞ்சவங்கதான் பயப்படாம நடப்பாங்க. பயந்து பயந்து நடக்கறவங்கதான் விழறாங்க" என்றாள். பாயில் படுக்கச் சொன்னாள். அவசரப்படாமல் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, குழந்தை மாதிரி நாலு காலில் வந்து, நாற்காலியைப் பிடித்து, வலுவான காலை முன்னால் வைத்து எழ வேண்டும். நான் புரளவே முடியாமல் கிடந்தேன். "இன்னா மாமி, கவுந்த ஆமை மாட்டம் கீற!" என்றாள் கங்கையம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. குளியலறைத் தரை ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த வகுப்பிலும் படுத்தேன். வீட்டிலும் படுத்துப் படுத்துப் பழகினேன். இன்று காலை வகுப்பில் ஒன்றரை நிமிஷத்தில் எழுந்தேன் பத்ரி. யாரும் கை கொடுக்கவில்லை.

உன் மணிக்குப் பதில் எங்களிடம் ஒரு ரிங் இருக்கிறது. ஏற்பாடு என்னுடையது. முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவள் இல்லையா? காலை ஆறு மணிக்கு ஃபிரெடி எனக்கு இரண்டு ரிங் கொடுத்துவிட்டு வைத்துவிடுவார். ரயில்வேயில் கார்டாக இருந்தவர், எழுபத்தொன்பது வயது, பின் தெருவில் தனியாக இருக்கிறார். நான் கங்கையம்மாளுக்கு, அவள் அடுத்தவருக்கு, இப்படியே போய் கடைசி ஆள் சுந்தரராமன் சார் ஃபிரெடிக்குக் கொடுப்பார். யாரும் போனை எடுக்கக் கூடாது. ஆறேகாலுக்குள் ரிங் வரவில்லையென்றால் உடனே அந்த வீட்டுக் கதவைப் போய்த் தட்ட வேண்டும்.

ஐந்தாம் தேதி நீ வா, உருளைக்கிழங்கு ரோஸ்ட் பண்ணி வைக்கிறேன். கட்டுகிற ஆள் வர வேண்டாம்.

உன் கடிதத்தில் ப்ரியா பெயரும் இல்லை, பிரணவ் பெயரும் இல்லை. பொங்கலுக்கும் நீ தனியாகத்தான் வந்தாய். எல்லோரும் சௌக்கியம்தானே?

உன் அம்மா


புனே,
3-3-2025

அன்புள்ள அம்மா,

ஒன்றரை நிமிஷம் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். ஆனால் பாயில் எழுந்திருப்பது வேறு, இடுப்பெலும்பு முறிந்தால் வேறு. எழுபத்தொன்பது வயதுக்காரர் கொடுக்கிற மிஸ்டு காலை நம்பி உன்னை எப்படி விட்டுவிட்டு இருப்பேன்?

லாரி பேசிவிட்டேன், ஐந்தாம் தேதி ஆட்களோடுதான் வருகிறேன். ப்ரியாவுக்கு வேலை அதிகம். பிரணவுக்குப் பரீட்சை.

பத்ரி


முடிச்சூர்,
14-3-2025

பத்ரிக்கு,

இதை உன்னிடம் மறைக்கலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு ஃபிரெடி சமையலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. போன் கட்டில் மேல் இருந்திருக்கிறது. ஆறு மணிக்கு என் போன் இரண்டு தடவை அடித்து நின்றது. நான் கண்ணாடி போடவில்லை, யார் என்று பார்க்கவும் இல்லை. அந்த நேரத்தில் வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? கங்கையம்மாளுக்கு ரிங் கொடுத்துவிட்டுக் காபி போடப் போனேன். சுந்தரராமன் சார் ஃபிரெடிக்கு ரிங் கொடுத்தார். எடுக்கக் கூடாது என்பதுதான் விதி, அதனால் அவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஏழு மணிக்கு வகுப்புக்கு ஃபிரெடி வரவில்லை. போய்ப் பார்க்கலாம் என்று ஆஷா சொன்னாள். "ரிங் கொடுத்தாரே, வந்துடுவார்" என்று நான்தான் சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னேன். எட்டு மணிக்குப் போனோம். கதவு தாழ் திறந்திருந்தது. அந்த மனுஷன் ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையாலேயே நகர்ந்து வாசல் வரை வந்து, கைத்தடியால் தாழைத் தள்ளியிருக்கிறார். முறிந்த கையோடு அதற்கு மேல் எழ முடியவில்லை. இரண்டரை மணி நேரம் கிடந்திருக்கிறார்.

"ரிங்கு வந்துச்சு ரிங்கு வந்துச்சுன்னு சொல்லிகினே இருந்தியே மாமி, பேர பாத்தியா?" என்று கங்கையம்மாள் எல்லார் முன்னாலும் கேட்டாள். போனை எடுத்துப் பார்த்தேன். ஆறு மணி இரண்டு நிமிஷம், பத்ரி என்று இருந்தது.

முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தப்பு லைன் கொடுத்ததில்லை என்று பீற்றிக்கொள்வேன். ஃபிரெடியிடம் ஆஸ்பத்திரியில் மன்னிப்புக் கேட்டேன். உன் மேல் பழி போட எழுதவில்லை. பார்க்காதது நான். ஆனால் ஏன் கூப்பிட்டாய், ஏன் இரண்டு ரிங்கோடு வைத்தாய் என்று தெரிய வேண்டும்.

அம்மா


புனே,
19-3-2025

அம்மா,

கடிதம் கிடைத்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நேரில் வந்தும் கேட்கிறேன்.

அன்றைக்கு மூன்று மணிக்கே விழித்துவிட்டேன். உங்கள் ஆறு மணி ரிங் ஞாபகம் வந்தது. நானும் ஒன்று கொடுத்தால் நீ பார்த்துச் சிரிப்பாய் என்று நினைத்தேன். பேச நினைக்கவில்லை, பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய்.

ப்ரியா தீபாவளிக்கு முன்னாலேயே பிரணவை அழைத்துக்கொண்டு ஹைதராபாத்துக்கு, அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நான் வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரிதான் என்றாள். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆனால் இதனால் நம் விஷயம் மாறாது. ஒரே ஒரு தப்பான ரிங்கில் உங்கள் ஏற்பாடே கவிழ்ந்துவிட்டது. அடுத்த தடவை அது நீயாக இருக்கலாம். எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். ஐந்தாம் தேதி வருகிறேன், தயவு செய்து தயாராக இரு.

பத்ரி


முடிச்சூர்,
26-3-2025

என் கண்ணான பத்ரிக்கு அம்மாவின் ஆசீர்வாதம், இரண்டு பங்காக.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், அதனால் இதில் கோபம் மட்டும்தான் இருக்கும்.

ஃபிரெடி திங்கட்கிழமை கட்டுப்போட்ட கையோடு வகுப்புக்கு வந்துவிட்டார். இனிமேல் இந்த ரிங்கே வேண்டாம், என்னால்தானே இவ்வளவும் என்று சொன்னேன். "மேடம், சிக்னல் தப்பா விழுந்துச்சுன்னா டிரெயினையா நிறுத்திடுவாங்க? சிக்னலச் சரி பண்ணுங்க மேடம்" என்றார். சரி பண்ணிவிட்டோம். இப்போது ரிங் இல்லை. போனை எடுத்து அவரவர் பெயரைச் சொல்ல வேண்டும். குரல் கேட்டால்தான் கணக்கு. ஒவ்வொரு வீட்டுச் சாவியும் இன்னொரு வீட்டில் இருக்கிறது. என்னுடையது கங்கையம்மாளின் மீன் கூடைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள சுந்தரராமன் சார் எல்லோருக்கும் கயிறு வாங்கி வந்தார். நான் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

செங்கல்பட்டு அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். தேவைப்படுகிறவர்கள் இருப்பார்கள், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கு வேண்டிய நாள் வந்தால் நானே சொல்வேன், என் வாயால் சொல்வேன். அதுவரை இந்த வீட்டைப் பூட்டுகிற உரிமை உனக்கு இல்லை. கேமராவைக் கழற்றிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துக்கொண்டு போ.

இப்போது உன் விஷயம். நான் விழுந்து நாற்பது நிமிஷம் கிடந்தேன், அதற்கு நீ கேமரா மாட்டினாய், அறை பார்த்தாய், லாரி பேசினாய். நீ தீபாவளியிலிருந்து கிடக்கிறாய் பத்ரி. ஐந்து மாதம். உன் சத்தம் கேட்டு ஒரு பால்காரர் கூட வரவில்லை. பெற்ற எனக்கே கேட்கவில்லை. அந்த இரண்டு ரிங்கைக் கேட்டும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபிரெடியிடம் கேட்ட மன்னிப்பை உன்னிடமும் கேட்கிறேன்.

ஐந்தாம் தேதி லாரி இல்லாமல் வா. ஹைதராபாத் போய்விட்டு வா என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அது உன் வீட்டு விஷயம், உன்னை நான் மூட்டை கட்டமாட்டேன். பிரணவிடம் தினம் பேசு. அவன் பேசும்போது குறுக்கே பேசாதே. திங்கட்கிழமை வரை இருந்து வகுப்புக்கு வா. உனக்கும் பாய் விரிக்கச் சொல்கிறேன். கங்கையம்மாள் சிரிப்பாள், சிரிக்கட்டும்.

நேற்றுக் கூட்டத்தில் உன் பெயரைச் சொன்னேன். அறுபத்தைந்து ஆகாதவனைச் சேர்க்க முடியாது என்றார் சுந்தரராமன் சார். "தனியா கீறான்ல, அப்பால இன்னா வயசு?" என்று கங்கையம்மாள் அவர் வாயை அடைத்துவிட்டாள். பன்னிரண்டாவது ஆளாக எழுதிவிட்டோம். எனக்கு அடுத்தது நீ, உனக்கு அடுத்தது அவள். அவள் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மறந்தாயானால் ஷோகேஸைப் பார்த்துத் திட்டியதை விட மோசமாகத் திட்டுவாள்.

31ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு என் போன் வரும். எடுத்து உன் பெயரைச் சொல். ஆறேகாலுக்குள் சொல்லவில்லை என்றால் கதவைத் தட்ட ஆள் வர வேண்டும் என்பது எங்கள் விதி. புனேயில் எங்களுக்கு யாரும் இல்லை. அதனால் நானே வருவேன்.

உன் அம்மா,
அபிதகுஜாம்பாள்