வயிற்றுக்கு ஒரு நேர்ச்சை

மக்கா,

இன்று காலை மருமகள் அடுக்களையில் உள்ளி வதக்கினாள். தேங்காயெண்ணெயில் சின்ன வெங்காயம் சிவக்கிற அந்த வாசம் வந்ததும் என் வயிறு முதலில் விழித்தது, பிறகுதான் நான். தின்னக்கூட வேண்டாம், வாசத்துக்கே முறுக்குகிறது. நீ இருந்தால், "எலே, உனக்க வயித்துக்கு மூக்கும் முளைச்சாச்சா?" என்று கேட்டுச் சிரித்திருப்பாய். கேட்க நீ இல்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஷார்ஜாவில் நாம் இருந்த அறை ஞாபகம் வருகிறது. வேலைக்குப் போகிற லாரி வெளியே நின்று ஹாரன் அடிக்கும். நான் கக்கூசுக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். ஃபோர்மேன் கத்துவான். "குளிக்கியான் சாரே, இப்ப வருவான்" என்று நீ கூசாமல் சொல்வாய். காலையில் மூன்றாவது குளியலா என்று அவன் கேட்டால், "சுத்தக்காரனாக்கும்" என்பாய். உன் வாயில் பொய் பிறக்கிற வேகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அங்கே ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை, பூச்சியும் இல்லை. குடலுக்குச் சும்மாவே கோபம் வருகிறது, அவ்வளவுதான் என்றார் அந்த மலையாளி டாக்டர். நோய்க்கு இங்கிலீஷில் ஒரு நீளமான பெயர் சொன்னார். மாத்திரையை விடச் சாப்பாடுதான் முக்கியம் என்றார். சந்தேகப்படுகிற ஒவ்வொன்றையும் விட வேண்டும். வயிறு அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எது ஆகவில்லையோ அதை மட்டும் நிரந்தரமாக விட்டால் போதும். கேட்க எவ்வளவு சுலபமாக இருந்தது.

அறையில் எல்லாருக்கும் ஒரு சமையல். எனக்கு மட்டும் நீ ஒரு சின்னச் சட்டி வாங்கி வந்தாய். முதலில் பால்சாயா போனது. பிறகு பருப்பும் பயறும், சப்பாத்தி, கடைசியில் உள்ளியும் பூண்டும். "உள்ளி இல்லாம என்ன கறிலே, குழம்பா கஷாயமா?" என்று திட்டிக்கொண்டே மஞ்சளும் நல்லமிளகும் குடம்புளியும் போட்டு மீன் வைப்பாய். மீன் மட்டும் என் வயிற்றோடு சண்டை போடவே இல்லை. சோறும் அந்த மீனுமாகச் சில மாதம் நான் மனிதனாக நடமாடினேன். ஹாரன் அடித்ததும் முதல் ஆளாக லாரியில் ஏறினேன். என் வாழ்க்கையில் நல்ல காலம் என்று சொன்னால் அதுதான்.

அப்புறம் ஊருக்கு வந்தோம். நீ பாறசாலைக்கு, நான் அமரவிளைக்கு. கல்ஃபிலிருந்து வந்தவனை எல்லா வீட்டிலும் கூப்பிட்டு இலை போடுவார்கள். வேண்டாம் என்றால் பவுசு வந்துவிட்டது என்று அர்த்தம். வயிறு சரியில்லை என்று சொன்னேன். "அறபி நாட்டுல ஆட்டைத் தின்னுதவனுக்கு நம்ம பயறு பிடிக்காதாக்கும்" என்றாள் சித்தி. அவளை விடு. அப்பாவை என்ன செய்வது? அவர் ஆயுசு முழுக்க அடுத்தவன் வயலில் வேலை செய்தவர். சட்டம் வந்து, குடிசை நின்ற மண்ணை அவர் பேருக்கே எழுதிக் கொடுத்த பிறகு, அந்தத் துண்டு நிலத்தில் அவர் வைக்காத செடி கிடையாது. அதில் விளைந்த பயற்றைக் கஞ்சியில் போட்டு, "நம்ம மண்ணு மக்கா, குடி" என்று நீட்டும்போது எந்த மகனால் மறுக்க முடியும்? குடித்தேன். குடித்துவிட்டு வெளியே கக்கூசுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுக் கிடந்தேன்.

ஒரு நாள் என்னால் முடியவில்லை, கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். அப்பாவின் முகம் செத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நீ வந்தாய். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துகொண்டு, செருப்பைக் கழற்றும் முன்னே ஆரம்பித்தாய்.

"மாமா, அவன நிர்பந்திக்கப்பிடாது. அவனுக்கு நேர்ச்சை உண்டு. உள்ளி, பூண்டு, பயறு, பாலு ஒண்ணும் தொடப்பிடாது."

"நேர்ச்சையா? எந்தக் கோயிலுக்கு?"

"அத வெளிய சொன்னா பலிக்காதுல்லா மாமா?"

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நீ, எந்தக் கோயிலும் மிதிக்காத எனக்கு நேர்ச்சை என்று ஒரு விரதத்தைக் கட்டிவிட்டாய்! அன்றிலிருந்து வீடு வீடாக எனக்குத் தனிச்சட்டி. வயிற்றுவலிக்காரனுக்குக் கிடைத்தது ஏச்சு, நேர்ச்சைக்காரனுக்கு மரியாதை. சித்திகூடக் கையைக் கழுவிவிட்டு எனக்குச் சோறு விளம்பினாள். பாறசாலை ஸ்டேஷனில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

ஆனால் அப்பாவுக்கு அப்போதே நெஞ்சில் இழுப்பு இருந்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, தானே முடிவு செய்துகொண்டார். "எனக்க நெஞ்சுக்கு வேண்டியாக்கும் எனக்க மவன் நேர்ந்திருக்கான்" என்று அயல்வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறார். எனக்கோ ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டிய சமயம். சாயாக்கடையில் அரை டம்ளர் மோர் குடித்துப் பார்த்தேன். நான் வீட்டுக்கு வரும் முன் செய்தி வந்திருந்தது. அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"நேர்ச்சைய முறிச்சிட்டியா மக்கா?"

அவர் குரலில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது. இல்லப்பா, அது வேற ஆளாயிருக்கும் என்றேன். அதற்குப் பிறகு அவர் இருந்த வரைக்கும் எதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். பிறகு மோர், பருப்பு என்று ஒவ்வொன்றாக முயன்றேன். வயிறு எதற்கும் வழிவிடவில்லை. டாக்டர் சொன்னதில் பாதி வழி வந்து அங்கேயே நின்றுவிட்டேன். இன்றும் கல்யாண வீட்டில் என் பிள்ளைகள் பந்தியில் விளம்புகிறவர்களிடம், "அப்பாவுக்கு நேர்ச்சை" என்றுதான் சொல்கிறார்கள்.

அது பொய் என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான். அதனால்தான் படுக்கையில் கிடந்து அன்றைக்கு நீ சொன்னது எனக்கு முதலில் புரியவில்லை. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். உன் வீட்டுக்காரி மயினி உனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். நீ என் கையைப் பிடித்தாய்.

"மக்கா, எனக்கு வேண்டியும் ஒரு நேர்ச்சை எடுலே."

"அது நீ கெட்டின கதையில்லியாடே?"

"தெரியும்லே. எடு."

நீ சிரிப்பாய் என்று காத்திருந்தேன். நீ சிரிக்கவில்லை.

"என்னத்த விட?"

"உனக்குப் பிடிச்சத விடு."

என்னிடம் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான் என்று உனக்குத் தெரியும், அதை எனக்கு வைத்துக் கொடுத்தவனே நீதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மீன்சட்டியை என் பக்கம் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னேன். யாரையும் கும்பிடத் தெரியாத நான், பெயர் சொல்லாத ஏதோ ஒரு கோயிலை நினைத்துக்கொண்டு வெறும் சோற்றையும் உப்பையும் தின்றேன். கொஞ்ச நாள்தான் மக்கா. நேர்ச்சை பலிக்கவில்லை.

"அவரே போயாச்சு, இனி யாருக்கு வேண்டி?" என்று என் வீட்டுக்காரி மீனை எடுத்து வைக்கிறாள். அவள் கேட்பது நியாயம்தான். உடம்பு மெலிந்து சட்டை தொளதொளக்கிறது, வேறு எதுவும் செரிக்கவில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நாள், நீ பிழைத்துவிடுவாய் என்று நான் உண்மையாகவே நம்பியிருந்தேன். மீனைத் தொட்டால் நீ செத்ததை நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் இன்றைக்கும் தின்னவில்லை.