பால்குடப் பொத்தான்

லாபு தோட்டம்,
2 மார்ச் 2024

அன்பு மகள் மாதவிக்கு,

அப்பா முருகையா எழுதுவது. போனில் பேசினால் நீ அழுகையை விழுங்குவது எனக்குக் கேட்கிறது. அதனால்தான் காகிதம்.

கோயிலுக்காக நீ வரைந்து அனுப்பிய வெப்சைட் அழகு. பால்குடம் எடுப்பவர்கள் பெயர் பதியும் பொத்தானைத் தலைவர் ராமசாமி அரை மணி நேரம் அழுத்தினார். "முருகையா, உன் மக போட்ட பொத்தான் செத்துக் கெடக்கு லா" என்றார். தடித்த விரல்தான் காரணமோ என்று நான் சுண்டுவிரலால் அழுத்தினேன். ஒன்றும் நகரவில்லை.

முப்பது வருடம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியும் எனக்கு இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. நின்றுபோனால், மெக்கானிக் வரும்வரை நிழலில் படுத்துவிடுவேன். உன் வேலையும் அப்படித்தானா? மாப்பிள்ளை தேவனைக் கேட்கவா?

அப்பா

கோலாலம்பூர்,
9 மார்ச்

அன்புள்ள அப்பா,

அது வெறும் படம். பார்த்துச் சொல்லத்தான் அனுப்பினேன். பொத்தானை வேலை செய்யவைக்கக் கோடிங் எழுத வேண்டும். ஆறு வருடமாக அதை உங்கள் மாப்பிள்ளைதான் எழுதிவந்தார். நான் வீட்டைவிட்டு வந்த அன்று, "நான் இல்லன்னா நீ வரையறதெல்லாம் சுவர் காலண்டர்" என்றார்.

புது ஆபீஸிலும் கோடிங் தெரியுமா என்றே கேட்கிறார்கள். வீட்டுக்குப் பிளான் போடுகிறவர் செங்கலும் அடுக்க வேண்டுமா என்று வாதாடிப் பார்த்தேன். அலுத்துவிட்டது, அப்பா. நானே கற்று முடிக்கிறேன். அவரைக் கேட்காதீர்கள்.

மாதவி

லாபு தோட்டம்,
14 மார்ச்

மாதவிக்கு,

உன் கடிதம் வருமுன்பே கேட்டுவிட்டேன். அவசரக் குடுக்கை உன் அப்பன்.

மாப்பிள்ளை ஞாயிறன்று மோட்டார்சைக்கிளில் வந்தார். என் போனில் படத்தை வெகுநேரம் பார்த்தார். "மாமா, கண்ணு மங்கினவங்களுக்குப் பெரிய எழுத்து, தப்பா அழுத்துனா திரும்பி வர வழி, எல்லாம் யோசிச்சிருக்கா. எனக்கு இது வராது."

"அவகிட்டயே சொல்றதுதான?" என்றேன். தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் எழுதிக் கொடுத்தா கோவிச்சுக்குவா" என்று சொல்லி, கொண்டுவந்த லேப்டாப்பைத் திறக்காமலே கிளம்பிவிட்டார்.

இப்போதைக்கு நோட்டில் நானே பெயர் எழுதுகிறேன். இருபதில் நாலு பெயர் எனக்கே புரியவில்லை.

அப்பா

கோலாலம்பூர்,
20 ஏப்ரல்

அப்பா,

பொத்தான் வேலை செய்கிறது. ஐந்து வாரம் ஆனது. மூளை பிழிந்த துணி மாதிரி கிடக்கிறது. ராமகிருஷ்ணன் போல நீண்ட பெயர் வந்தால் மட்டும் எழுத்து கட்டத்தைவிட்டு வெளியே ஓடுகிறது. ஏன் என்று தெரியவில்லை. நோட்டை இன்னும் மூடிவிடாதீர்கள்.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டாம். நானே கேட்கிறேன்.

மாதவி