முழங்காலுக்கு ஒரு மெத்தை

பிப்ரவரி 4, சனி

பல வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில், பிள்ளைகளை மூன்று மூன்று பேராக உட்காரவைத்துக் கணக்குக் கொடுத்தேன். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “டீச்சர், மத்த ரெண்டு பேரும் சொல்லட்டும்னு மூணு பேருமே உக்காந்திருந்தா, பதிலை யாரு எழுதறது?” வகுப்பே சிரித்தது. நானும்தான்.

நேற்றுத் தொலைக்காட்சியில் அதே கணக்கு. மாதம் ஏறிய கர்ப்பத்தைக் கலைப்பதென்றால் யார் முடிவெடுப்பது? டாக்டர் சட்டம் என்றார். எம்.பி. டாக்டர் என்றார். பாதிரியார் ஆண்டவர் என்றார். கர்ப்பம் சுமக்கக்கூடியவர் என்று அங்கே இருந்தது மேக்கப் போடும் பெண் மட்டும்தான் போலும்.

இன்று மாதத்தின் முதல் சனி. சதுக்கத்தில் ஆண்கள் மண்டியிட்டு ஜெபமாலை உருட்டினார்கள், பெண்கள் அடக்கமாக உடுத்தவும் கருக்கலைப்பு ஒழியவும். முன்வரிசையில் என் மகள் திஹானாவின் கணவன் கிர்ஷெவான். அவனுக்கு முழங்காலில் சவ்வு கிழிந்திருக்கிறது. நான் தைத்துக் கொடுத்த நீல மெத்தையின்மேல்தான் ஆண்டவரிடம் பேசுகிறான். பெண்களுக்காக இவ்வளவு பாடுபடுகிறவனுக்கு முட்டி வலிக்கலாமா?

பிப்ரவரி 13, திங்கள்

திஹானாவுக்கு ஸ்கேன். இருபத்துநான்காம் வாரம். மூளை இருக்கவேண்டிய இடத்தில் நீர். பிறந்தால் சில மணிநேரம், மிஞ்சினால் சில நாள்.

என் மகள் அழவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், போட்டாள்.

பிப்ரவரி 14

மகப்பேறு துறைத் தலைவர் டாக்டர் விதோஷிடம் போய்க் கலைக்கக் கேட்டேன். மேசையில் பேனாக்கள் உயர வரிசையில். “டீச்சர், என் கையில என்ன இருக்கு? ஆஸ்பத்திரிக் கமிட்டிதான் சொல்லணும். கமிட்டி சரின்னாலும், செய்யறதுக்கு இங்க ஆளில்ல. எல்லாருக்கும் மனசாட்சி இருக்கே.”

“வேற எங்க செய்வாங்க?”

“அதைச் சொல்றதுக்கும் என் மனசாட்சி இடம் கொடுக்கல.”

அடேயப்பா, என்ன மனசாட்சி! முகவரி சொன்னாலே சுளுக்கிக்கொள்கிறது.

பிப்ரவரி 17, வெள்ளி

கமிட்டி கூடியது. திஹானாவைக் கூப்பிடவே இல்லை. காகிதங்களைப் பார்த்தார்களாம். “மேலும் பரிசோதனை தேவை, மூன்று வாரம் கழித்து வரவும்.” மூன்று வாரம் கழித்து, “காலம் கடந்துவிட்டது” என்பார்கள். இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு டீச்சர் வேண்டாம்.

தொலைக்காட்சியில் பேசிய அந்த எம்.பி.யை மீன் சந்தையில் பிடித்தேன். கணவாய் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“சட்டம் தெளிவாத்தான் இருக்கு, டீச்சர். டாக்டருங்கதான் பயந்து சாகறாங்க.”

“அவங்க சட்டம் தெளிவா இல்லைங்கறாங்களே?”

“அப்படியா சொன்னாங்க?” என்று கணவாயையே பார்த்தார். “இது நேத்துப் பிடிச்சதா, இன்னிக்கா?” — மீன்காரியிடம்.

வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பள்ளியில் கேட்டால் நோட்டு வீட்டில். வீட்டில் கேட்டால் பள்ளியில். அவன் என்ன ஆனானோ என்று நினைத்ததுண்டு. கமிட்டி ஆகிவிட்டான்.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

தவக்காலம் தொடங்குகிறது; கோயிலில் பூசிவிட்ட சாம்பலோடு கிர்ஷெவான் வந்தான். கீரையும் உருளைக்கிழங்கும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.

“அத்தை, எங்கூட சதுக்கத்துல ஜெபிக்கற யோசிப்போட பங்காளி வீட்ல இப்படித்தான் சொன்னாங்களாம். கடைசியில குழந்தை நல்லாவே பொறந்துச்சாம்...”

நான் விடவில்லை. “ஸ்கேனை யோசிப்பா எடுத்தான்? அவன் ஜல்லி லாரி ஓட்டறவன்! உன் முட்டிக்கு மட்டும் எதுக்கு ஸ்பெஷலிஸ்ட்? அதையும் அவன்கிட்டயே காட்டேன்!”

“நான் என் பிள்ளைக்காகப் பேசறேன்.”

“நான் என் பிள்ளைக்காக!”

திஹானா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “டாக்டர் பேசியாச்சு. கமிட்டி பேசியாச்சு. லாரிக்காரனும் பேசியாச்சு. எனக்கு என்ன வேணும்னு ஒருத்தர் கேட்டீங்களா? நீயும்தான்மா. பத்து நாளா எனக்காக ஊரையே திட்டறே. ஒரு தடவை கேட்டியா?”

கேட்கவில்லை. ஊர் பூராவையும் எள்ளி நகையாடிய வாய் இது — என் மகளிடம் ஒரு கேள்வி கேட்க அதற்கு நேரமில்லை. எம்.பி.க்கும் எனக்கும் என்ன பெரிய வித்தியாசம்? நான் கணவாய் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 23

திஹானாவிடம் கேட்டேன். கிர்ஷெவானும் இருந்தான்.

“அதுக்கு வலிக்கக் கூடாது. இப்பவே, எனக்குள்ள இருக்கும்போதே, முடியட்டும். பேரு வெச்சுட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் சொல்லமாட்டேன்.”

அவன் எழுந்து முகம் கழுவப் போனான். வரும்போது நெற்றியில் ஒன்றுமில்லை. சாம்பல் நேற்றையது என்பதால் இருக்கலாம்.

பிப்ரவரி 24

அதே ஆஸ்பத்திரியில், ஓய்வுபெறப்போகும் டாக்டர் பார்பாரிச். “நான் செய்யமாட்டேன் டீச்சர். செஞ்சதும் இல்ல, தப்புன்னுதான் நெனைக்கறேன்.” பிறகு என்னை விட்டுவிட்டுத் திஹானாவைப் பார்த்தார். “ஆனா கதவைச் சாத்திக்கிட்டு நிக்கறதுக்கு எனக்கு உரிமை இல்லம்மா.” எங்கள் எதிரிலேயே பக்கத்து நாடான ஸ்லோவேனியாவில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். மனசாட்சி உள்ள ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன். என் கட்சி இல்லை. இல்லாவிட்டால் என்ன?

பிப்ரவரி 28, லுப்லியானா, ஸ்லோவேனியா

இங்கேயும் கமிட்டி உண்டு. இங்கேயும் சட்டம் உண்டு, கோப்பு உண்டு. ஆனால் ஒரு நாற்காலி அதிகம். அதில் திஹானாவை உட்காரவைத்து, “நீங்க சொல்லுங்க” என்றார்களாம். சொன்னாளாம். குறுக்கே யாரும் பேசவில்லையாம்.

இவ்வளவுதானா? இதற்கா எல்லை தாண்டி வரவேண்டும்?

மார்ச் 2

முடிந்தது. குழந்தைக்கு வலிக்கவில்லை என்றார்கள். திஹானாவும் கிர்ஷெவானும் மட்டும் உள்ளே இருந்தார்கள். நான் வெளியே.

மார்ச் 4, சனி

நேற்று இரவு வீடு திரும்பினோம். வண்டியோட்டியது கிர்ஷெவான். வழி முழுக்க நீல மெத்தை திஹானாவின் முதுகுக்குப் பின்னால்.

காலையில் யோசிப் வாசலில் வந்து நின்றான். “என்னடா, இன்னிக்கு முதல் சனியாச்சே. ஜெபத்துக்கு வரல?”

“முட்டி வலி.”

“அதுக்குத்தானே மாமியார் மெத்தை தெச்சுக் குடுத்திருக்காங்க?”

“அது அவகிட்ட இருக்கு.”

“வாங்கிட்டு வாயேன்டா!”

“தூங்கறா,” என்றான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

அவன் மனம் மாறிவிட்டான் என்று எழுதமாட்டேன். நான் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நானே விடை எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

என்றாவது இந்த நோட்டைப் படிப்பவருக்கு ஒரு வீட்டுப்பாடம்: இதில் தீர்ப்புச் சொல்ல வாய் வரும்போது, முதலில் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி போட்டு, அவள் பேசி முடிக்கும்வரை சும்மா இருந்து பாருங்கள்.