மிஸ்டருக்குத் தெரியாமல்

நவம்பர் 4, திங்கள்

நேற்றும் தோற்றோம். கால்பந்து மூன்றாம் பிரிவிலேயே கடைசிக்கு முந்தின இடம். காலையில் கிளப் தலைவர் மரங்கோன் என்னைத் தன் மேசை நாற்காலித் தொழிற்சாலைக்கு வரச் சொன்னார். கிளப் அலுவலகத்துக்கு இல்லை. அப்போதே பயந்தேன்.

"டாக்டரம்மா, மூணு பயிற்சியாளருங்க பேரு தர்றேன். எப்படி ஆட வைப்பாங்க, எங்க ஏறுவாங்க, எங்க பதுங்குவாங்க, முழு ஜாதகம் வேணும். எல்லாம் எண்ணுல. மிஸ்டருக்குத் தெரியக் கூடாது."

பட்டம் வாங்கிய யாராக இருந்தாலும் அவருக்கு டாக்டர்தான். கோபம் வந்தால் மட்டும் நிவெஸ் என்று பெயர் சொல்லுவார்.

இன்னொன்றும் சொன்னார். "அவங்க ஜெயிச்ச வருஷத்த மட்டும் எடு. தோத்த வருஷம் என் மேசைக்கே வரக் கூடாது. ஒட்டிக்கும்."

ஒரே ஒரு வருஷத்தை வைத்து ஒரு மனிதரின் பாணியைச் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். சொன்னேனா? இல்லை. சாவிக் கொத்தில் ராசிக்காகத் தொங்கும் சிவப்புக் கொம்பை அவர் உருட்டிக்கொண்டே இருந்தார், நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மிஸ்டர் என்றால் எங்கள் பயிற்சியாளர் எஜிதியோ பெல்லான்; இங்கே பயிற்சியாளரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் மேசைக்கு எதிர் மேசை என்னுடையது. பெண் பிள்ளைக்குப் பந்து ஆட்டத்தில் என்ன கணக்கு என்று ஊரே சிரித்தபோது ஆட்டங்களை எண்ணில் அலசும் இந்த வேலைக்கு என்னை எடுத்தவர் அவர். நாளை அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

நவம்பர் 5

மிஸ்டர் எனக்கும் சேர்த்துக் காபி வாங்கி வந்தார். திரையை அவர் பக்கம் தெரியாமல் திருப்பி வைத்தேன். சீ.

நவம்பர் 8, வெள்ளி

முதல் இருவரையும் முடித்துவிட்டேன். ஒருவர் பந்தைக் கையில் பிடித்த குழந்தை மாதிரி விடவே மாட்டார். மற்றவர் நீளமாக அடித்துவிட்டுச் சாமியை வேண்டுவார். மூன்றாவது, ருஜ்ஜெரோ திரெவிசான். ரோக்காபியானா அணியை மேல் பிரிவுக்கு ஏற்றிய வருஷம்.

அந்த வருஷத்துக் கணக்கை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

கோல் வாங்கிய அடுத்த நிமிஷங்களில் பெரும்பாலான அணிகள் சற்றுப் பின்வாங்கும். இந்த அணி முன்னே ஏறுகிறது. தடுப்பு வரிசை நடுக்கோடு வரைக்கும் வந்து நிற்கிறது. பக்கவாட்டு எறிதலை எப்போதும் பின்னாலேயே எறிகிறார்கள். இடைவேளை முடிந்ததும் முதலில் மாற்றுவது இடது தடுப்பாளரை. இப்படி ஆட வைக்கும் ஆளை எனக்குத் தெரியும். எதிர் மேசையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்!

எங்கள் அணியின் கணக்கை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல். தோற்கிறோம், ஆனால் அதே ஆட்டம். கோல் அடிக்கத்தான் ஆளில்லை.

பிறகுதான் நினைவு வந்தது. அந்த வருஷம் ரோக்காபியானாவில் மிஸ்டர் துணைப் பயிற்சியாளர். அப்போது அவரிடம் தலைமைப் பயிற்சியாளர் உரிமம் இல்லை. உரிமம் உள்ளவர் பெயரைத் தாளில் போடுவது, இல்லாதவர் அணியை நடத்துவது — இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். வெளியே வந்தால் இரண்டு பேருக்கும் விளையாட்டு நீதிமன்றம். வருஷக்கணக்கில் தடை.

கடவுளே, நான் ஏன் இதைப் பார்த்தேன்?

நவம்பர் 11, திங்கள்

சொல்லிவிட்டேன். மிஸ்டரிடமே.

பயிற்சி முடிந்து மைதானத்தில் பனி மூடிக்கொண்டு வந்தது. கூம்புகளை அவர் பொறுக்க, நானும் பொறுக்கினேன். தலைவர் கேட்டது, நான் செய்தது, கண்டது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அழுகை வேறு வந்து தொலைத்தது.

முதலில் சிரித்தார். "அடப்பாவி! என்னைத் தூக்கிட்டு என்னையே கொண்டு வரப் போறானா?"

பிறகு கூம்புகளைக் கீழே வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். "வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மிஸ்டர்."

"சொல்லாத. எனக்கு வேற தொழில் தெரியாது நிவெஸ். ஐம்பத்து நாலு வயசுல தடை போட்டா நான் எங்க போய் நிப்பேன்? அந்தத் தாள அப்படியே குடுத்துடு."

"உங்க வேலை போயிடுமே?"

"வேலை போனா சம்பளம் வரும், ஒப்பந்தம் முடியுற வரைக்கும். உரிமம் போனா ஒண்ணும் வராது. நீ எதையும் பாக்கல. சரியா?"

சரி என்றேன்.

நவம்பர் 13

கொடுத்தேன். தலைவர் திரெவிசானின் தாளைத் தடவிப் பார்த்தார். "இந்த ஆளுதான்! எண்ணு பொய் சொல்லாது இல்ல, டாக்டரம்மா?"

"சொல்லாது தலைவரே."

என் வாயில் மண்ணைப் போட.

நவம்பர் 17, ஞாயிறு

தோல்வி. மூன்று கோல். ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் வீரர்களைத் தங்கள் பக்கக் கம்பி வேலிக்கு அடியில் வரவழைத்துத் திட்டித் தீர்த்தார்கள். தலை குனிந்து நின்று கேட்டுக்கொண்டார்கள், பாவம். மிஸ்டரும் போய் நின்றார்.

பதினேழாம் தேதி தலைவர் கையெழுத்துப் போட மாட்டார், ஆகாத நாள். அதனால் இன்று ஒரு இரவு மிச்சம்.

நவம்பர் 18

நீக்கிவிட்டார். மிஸ்டர் தன் ஜாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆரஞ்சுப் பழங்களை என் மேசையில் வைத்துவிட்டு, "தின்னு. முகம் வெளுத்துக் கிடக்கு," என்றார். தின்ன முடியவில்லை.

நவம்பர் 27

திரெவிசான் வந்து ஒரு வாரமாகிறது. நல்ல மனிதர், எல்லோருக்கும் கதவைத் திறந்து பிடிப்பார். ஆனால் பத்துப் பேரையும் கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி நிறுத்திவிடுகிறார். பந்து வந்தால் வெளியே உதை. ஞாயிற்றுக்கிழமை தோற்றோம்.

தலைவர் படிக்கட்டில் வழிமறித்தார். "எங்க அந்த ஏறுற ஆட்டம்?"

"நாள் ஆகும் தலைவரே."

"எவ்வளவு நாளு?"

படியிறங்கி ஓடி வந்தேன். அவர் கார் சத்தம் கேட்டாலே இப்போது கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். முப்பத்து மூன்று வயதில் ஒளிந்து விளையாடுகிறேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

மறுபடி தோல்வி. தண்டனையாக மொத்த அணியையும் மலை மேல் இருக்கும் ஒரு விடுதியில் அடைத்துவிட்டார் தலைவர். வீடு கிடையாது, மனைவி கிடையாது, காலையும் மாலையும் பயிற்சி. நானும் உள்ளே.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரெவிசான் என் அறைக் கதவைத் தட்டினார். உள்ளே வந்து தானே தாழ் போட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். நீ எஜிதியோகூட வேலை பாத்தவ. கோல் வாங்கினதும் மேல ஏறச் சொல்லுவானே... பசங்களுக்கு அத எப்படிச் சொல்லிக் குடுப்பான்?"

நான் அவரையே பார்த்தேன். அவர் காது மடல் சிவந்துவிட்டது.

"அந்த வருஷம் நான் பெஞ்சுல உக்காந்து கை தட்டினேன். அவ்வளவுதான். தலைவரு நேரா வீட்டுக்கே வந்து உன் தாள நீட்டினாரு. என் பேரப் போட்டு அப்படி ஒரு தாள் நான் பாத்ததே இல்ல. ஆசைப்பட்டுட்டேன்."

அவருக்கும் பயம். நானாவது ஒரு தாளைத்தான் கொடுத்தேன். இவர் ஞாயிறுதோறும் அத்தனை பேருக்கு முன்னால் போய் நிற்கிறார். கோபப்படலாம் என்றால் கோபமும் வரவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

நேற்றும் தோல்வி. தலைவர் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"நிவெஸ்! யாரு குடுத்த தாளு அது? உன்ன யாரு ஏவினது?"

பெயர் சொல்லிவிட்டார். முடிந்தது என்று நினைத்தேன்.

"ரோக்காபியானா பழைய ஆட்டக்காரன் ஒருத்தன் எனக்குத் தெரியும். இப்பவே போன் போடுறேன். திரெவிசான் அங்க என்ன கிழிச்சான்னு அவன் சொல்லட்டும்."

போனைக் கையில் எடுத்துவிட்டார். ஒரு கேள்வி போதும், எல்லாம் வெளியே வரும். மிஸ்டர் பனியில் புல்லின் மேல் உட்கார்ந்திருந்தது கண் முன்னால் வந்தது. எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல்—

"தப்பு என்னோடது தலைவரே. யாரும் ஏவல."

நிமிர்ந்து பார்த்தார்.

"தோத்த வருஷத்தயும் சேத்திருந்தா அவரு பதுங்குற ஆளுன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க வேண்டாம்னீங்க, நான் வாய மூடிக்கிட்டேன். என் வேலைய நான் ஒழுங்கா செய்யல. வேணும்னா என்ன நீக்குங்க."

"நீக்குவேன். அப்புறம் யாரு ஜெயிச்சுக் குடுப்பா?"

"ரோக்காபியானா ஆட்டம்தானே உங்களுக்குப் பிடிச்சுது? அங்க துணையா இருந்தவரு வீட்டுல சும்மா உக்காந்து உங்க சம்பளம் வாங்குறாரு. அவருக்கு அந்தப் பாடம் மறந்திருக்காது."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. கொம்பை உருட்டினார், உருட்டினார். போனை மேசை மேல் வைத்தார்.

"வெளிய போ."

டிசம்பர் 10

ஒரு செய்தியும் இல்லை. மேசையைக் காலி செய்ய ஒரு அட்டைப் பெட்டி எடுத்து வைத்தேன்.

டிசம்பர் 12

மிஸ்டர் திரும்பி வருகிறார்! நீக்கிய பயிற்சியாளரையே திரும்பக் கூப்பிடுவது இங்கே புதிதில்லை, ஆனால் மரங்கோன் செய்வார் என்று யாரும் நினைக்கவில்லை. திரெவிசான் போகும்போது என் கையைப் பிடித்து, "இன்னிக்குத் தூங்குவேன்," என்றார்.

டிசம்பர் 22, ஞாயிறு

முதலில் நாங்கள்தான் கோல் வாங்கினோம். பசங்கள் மேலே ஏறினார்கள். கடைசியில் 2-1.

ஆட்டத்துக்கு முன் ராசிக்காக மைதானத்தில் தூவிய உப்பு இன்னும் ஒட்டியிருந்த கையால் தலைவர் என் தோளைத் தட்டினார். "பாத்தியா டாக்டரம்மா! திரெவிசான் விதைச்சது இப்பதான் முளைக்குது. உன் தாளு சரிதான்."

பக்கத்தில் மிஸ்டர். அவர் மூக்கைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "ஆமா தலைவரே. நல்ல ஆளு."

ஜனவரி 20, திங்கள்

நேற்று தோற்றோம், நாலு வெற்றிக்குப் பிறகு. மிஸ்டர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. தலைவர்.

"டாக்டரம்மா, புதுசா ரெண்டு பேரு இருக்கு. ஜாதகம் வேணும். மிஸ்டருக்குத் தெரியாம—"

அதே பயம். அது போகவே போகாது போலிருக்கிறது.

"மிஸ்டர் எதிர்லதான் உக்காந்திருக்காரு தலைவரே. ஸ்பீக்கர்ல போடவா?"

அந்தப் பக்கம் சாவிக் கொத்து உருளும் சத்தம். பிறகு, "அப்புறம் பேசுறேன்," என்று வைத்துவிட்டார்.

போனைக் கீழே வைத்தேன். மிஸ்டர் பழத்தில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். இந்தத் தடவை தின்றேன்.